வாசல் மண் கேட்ட டீச்சர்

அந்த டீச்சர் மண்ணைத் தின்றதை முதலில் பார்த்தது நான்தான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆளாளுக்கு நான்தான் பார்த்தேன் என்று கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். அவள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. பல் வலி என்று கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

காலை நிறுவைக்காகக் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாக இறங்கி வந்தேன். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் லயத்துக்கும் தேயிலை ஃபேக்டரிக்கும் நடுவில் இருந்தது. தகரக் கூரை, மூன்று அறை. பனி இன்னும் விலகவில்லை. அந்தப் பனிக்குள் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, காலில் ஆம்பளைகள் மருந்தடிக்கப் போகும்போது போடுகிற ரப்பர் பூட்ஸ். தரையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். விரலில் தேய்த்தார். மோந்து பார்த்தார். பிறகு நாக்கில் வைத்துக்கொண்டு, குழம்புக்கு உப்புப் பார்க்கிறவர் மாதிரி கண்ணை மூடி யோசித்தார். துப்பினார். வாயைக் கொப்பளித்தார்.

"ரொம்பப் புளிக்குதே" என்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

மண் தின்கிற பெண்ணைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு ஒன்றுதான் தோன்றியது. என் மகள் சரசு வயிற்றில் இருந்தபோது நான் ஆயாக்கொட்டகைச் சுவரைச் சுரண்டித் தின்றவள். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. ஒரு பக்கச் சுவரில் என்னால் வெள்ளையே போய்விட்டது என்று ஆயா சண்டைக்கு வந்தாள். மசக்கைக்காரியின் நாக்கு மசக்கைக்காரிக்குத் தெரியாதா. ஆனால் டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கீழே ரப்பர் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

நான் பாக்கியத்திடம் மட்டும்தான் சொன்னேன்.

"வாந்தி எடுத்தாங்களாக்கா?"

"துப்புனாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்லா" என்றாள் பாக்கியம். பல் வலியோடு அவள் எப்படி நாலு லயத்துக்கும் சொல்லி முடித்தாள் என்பது எனக்கு இன்று வரை புரியவில்லை.

என் மாமியார் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. ஒரு பாட்டிலில் மாங்காய் ஊறுகாயைப் போட்டு, நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சரசுவிடம் கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் சரசு வந்து, "டீச்சர் ரொம்ப நல்லாருக்குன்னாங்க பாட்டி. இன்னும் இருந்தா குடுக்கச் சொன்னாங்க" என்றாள்.

"பாத்தியா" என்றார் மாமியார். அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் எல்லோரும் டீச்சரின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் அவர் பிள்ளைகளோடு சேர்ந்து சாக்குக்குள் இறங்கிக் குதித்துக் குதித்து ஓடியபோதுதான் கைவிட்டோம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சரி, மசக்கை இல்லை. அப்படியானால் அந்த அம்மா ஏன் மண்ணைத் தின்கிறது?

அவர் பெயரைக் கேட்காதீர்கள். டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயர் எழுதின தாள் ஒன்று என் கைக்கே வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. அதில் பிள்ளைகளை வைத்துக் காய்கறி போட வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாக இருந்தார். பெரிய வாத்தியார் சிரித்தார். "தேயிலை மலையில தேயிலைதான் டீச்சர் வரும்" என்றார். பக்கத்து ஊர் லெம்பா பெர்த்தாமில் சீனர்கள் லாரி லாரியாக முட்டைக்கோஸ் எடுக்கிறார்களே, அது எந்த மலை என்று டீச்சர் கேட்டாராம். பெரிய வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதல் தடவை பீன்ஸ் போட்டார்கள். முளைத்தது, நாலு இலை விட்டது, பிறகு மஞ்சள் காமாலை வந்த மாதிரி நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் விதையைத் திட்டியிருப்பார்கள், இல்லை பிள்ளைகளைத் திட்டியிருப்பார்கள். இவர் மறுபடியும் குந்தி உட்கார்ந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.

எது கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். "டீச்சர், கேரட்டு போடலாமா?" "என்னை ஏன் கேக்குற? மண்ணக் கேட்டியா?" "டீச்சர், தண்ணி ஊத்தவா?" "மண்ணக் கேட்டியா?" விரலை உள்ளே விட்டுப் பார், ஈரம் இருக்கிறதா, இறுகிக் கிடக்கிறதா, புழு நெளிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. எங்களுக்குப் புரியவில்லை. ஒரு நாள் சரசு வீட்டில் வெந்நீர்ப் பானைக்குள் விரலை விட்டுவிட்டு, "தண்ணியக் கேட்டேன்மா" என்றாள். ரெண்டு அடி கொடுத்தேன்.

"மண்ணுக்குப் பசிக்குது, சாப்பாடு கொண்டாங்க" என்றும் சொல்வார். காய்கறித் தோல், முட்டை ஓடு, சாம்பல், ஃபேக்டரியில் கூட்டித் தள்ளுகிற தேயிலைத் தூசி எல்லாம் குழியில் போட்டு மூடி வைப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை அப்படியே குழியில் கொட்டிவிட்டுப் பட்டினியாக வீட்டுக்கு வந்தது. டீச்சர் தன் சோற்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். அவர் கவனிக்கவே இல்லை. குழி சூடாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதுதான் அவரிடம் எனக்குப் பிடிபடாத விஷயம். மண்ணில் ஒரு எறும்பு நகர்ந்தால் தெரியும். முன்னால் நிற்கிற ஆளின் முகம் தெரியாது.

சுண்ணாம்புக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தேயிலை மலை மண் புளிக்கும், அந்தப் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு வேண்டும் என்று ஒரு நாள் வகுப்பில் சொல்லியிருக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த சுண்ணாம்பு ஒன்றுதான். அன்றைக்குச் சாயங்காலம் நாலு லயத்திலும் வெற்றிலைப் பெட்டி காலி. என் மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எவடி எடுத்தா எஞ் சுண்ணாம்ப?" என்று ஆரம்பித்தவர் விளக்கு வைக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

"டீச்சர்தான் கேட்டாங்க பாட்டி" என்றாள் சரசு.

"ஏன், அந்தம்மா வெத்தல போடுதா?"

"இல்ல, மண்ணு போடுதாம்."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். மண் வெற்றிலை போடுமா என்று எங்கள் ரெண்டு பேருக்கும் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மறுநாள் டீச்சர் கைப்பெட்டியில் சேர்ந்த சுண்ணாம்பைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு வீடாக வந்து திருப்பிக் கொடுத்தார். "இது பத்தாதுக்கா. மூட்டைக் கணக்குல வேணும்" என்றார். அப்படியே இன்னொன்றும் சொன்னார். "துரைக்கு ஒரு தாளு எழுதப்போறேன். பிள்ளைங்க காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணி பைப்பு இழுத்துக் குடுக்கச் சொல்லி. எல்லாரும் கைநாட்டு வைக்கணும்." துரை என்றால் எங்கள் மேனேஜர். வைக்கிறேன் டீச்சர், கட்டாயம் வைக்கிறேன் என்றேன். பாருங்கள், அப்படிச் சொன்னது நான்தான்.

அதற்கடுத்த வாரம்தான் வினை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் வீட்டு வாசலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை, பாலில் கலக்குகிற மைலோ மாவு வந்த காலி டின்னில் போட்டு, பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

சரசு வந்து சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"வாசல் மண்ணா? எதுக்கு?"

"எது புளிக்குது, எது புளிக்கலன்னு பாக்கப் போறோம்ப்பா."

"நம்ம வாசல்ல நம்ம காலடிதான இருக்கு? காலடி மண்ண எடுத்துக் குடுக்கச் சொல்றாளா?"

உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவன் கால் பட்ட மண்ணை எடுத்தால் அவனுக்கு எதை வேண்டுமானாலும் செய்து வைக்கலாம் என்பார்கள். பில்லி சூனியம் வைக்கிறவனுக்கு முதலில் வேண்டியது அதுதான். அதைப் பள்ளிக்கூடத்து டீச்சர் டின்னில் போட்டு, பெயரும் எழுதிக் கேட்டால்? எங்கள் வீட்டுக்காரர் கொடுக்கக் கூடாது என்றார். சரசு மூலையில் உட்கார்ந்து அழுதாள். தோட்டத்தில் அவளுக்கென்று ஒரு பாத்தி இருந்தது. டின் கொண்டுவராத பிள்ளைகளுக்கு அந்தத் தடவை விதை கிடையாதாம்.

ஆனால் நிறையப் பிள்ளைகள் வீட்டில் கேட்காமலே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் எழுதச் சொன்னதும் தங்கள் பெயரோடு அப்பன் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே எழுதுகிறார்கள். ஆக, சன்னல் திண்டில் வரிசையாக இருபது முப்பது டின், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் காலடி, மேலே அந்த வீட்டு ஆம்பளையின் பெயர். ஒரு பேத்தி தன் தாத்தா பெயரையே எழுதிவிட்டாள். அந்தத் தாத்தா எங்கள் கங்காணி. வேலை வாங்குகிறவர், பேசினால் மலை முழுக்கக் கேட்கும்.

டீச்சர் ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு சிட்டிகை மண்ணைத் தனியாக எடுத்து அதில் கொஞ்சம் வினிகர் ஊற்றினாராம். மற்ற எந்த மண்ணும் ஒன்றும் செய்யவில்லை. கங்காணி டின் மண் மட்டும் சுர்ரென்று பொங்கி நுரை தள்ளியிருக்கிறது. பிள்ளைகள் கை தட்டியிருக்கிறார்கள். டீச்சர், "யார் மண்ணு இது, யார் மண்ணு இது?" என்று குதித்திருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் கங்காணியின் வலது பாதம் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

இனி நான் என்ன சொல்ல. பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "கங்காணி தாத்தா மண்ணு நுரை தள்ளுச்சு" என்றன. பெரியவர்கள் கங்காணி காலைப் பார்த்தார்கள். மண் தின்றதையும் வெற்றிலைச் சுண்ணாம்பு திரட்டினதையும் குழி தோண்டிச் சோறு போட்டதையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தார்கள். சேர்த்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆனால் சரசு பாத்தியில் மண்ணைப் பொடித்துப் பொடித்து விடுகிற கையைப் பார்த்தால் அப்படி இல்லை என்றும் தோன்றியது. ரெண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் காலையில் பெரட்டுக்கு நிற்கிறோம். பெரட்டு என்றால் வேலைக்குப் போகும் முன் ஆள் எடுக்கிற இடம். பாக்கியம் ஒரு தாளையும் மைப் பெட்டியையும் கொண்டுவந்தாள்.

"அக்கா, டீச்சர் தாளு. கை வைங்க."

டீச்சர் தாள். தண்ணீர்ப் பைப்புத் தாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை பேச்சுக்கு நடுவிலும் அந்த அம்மா தைரியமாகத் தாளை அனுப்பியிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதக் கேக்கணுமா, குடுடி" என்று பெருவிரலை மையில் அமுக்கி வைத்தேன். அதோடு விட்டேனா. மாமியார் கையைப் பிடித்து வைக்க வைத்தேன். பின்னால் தயங்கி நின்ற நாலு பேரை, "வைங்கலா, நல்ல காரியம். பிள்ளைங்களுக்காகத்தான" என்று தள்ளிவிட்டேன். பாக்கியமே என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள், நான் டீச்சர் பக்கம் என்று நினைத்திருந்தாளாம்.

அன்றைக்குச் சரசு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வாசலிலேயே எறிந்தாள்.

"நீயும் கை வச்சியாம்மா?"

"எதுல?"

"டீச்சர வேற ஸ்கூலுக்குப் போகச் சொல்லி எழுதின தாள்ல. பெரிய வாத்தியார் டீச்சருக்குப் படிச்சுக் காட்டினாரு. நாங்க சன்னல்கிட்ட நின்னோம். உன் பேரும் பாட்டி பேரும் முதல்லயே இருக்கு."

பெருவிரலைப் பார்த்தேன். மை இன்னும் இருந்தது. கொழுந்துக் கறையும் மையும் சேர்ந்து எது எது என்று தெரியாமல் இருந்தது. பாக்கியத்திடம் ஓடினேன். "என்னடி தாளு அது?" என்றால், "டீச்சர் தாளுன்னு சொன்னேன்லக்கா" என்கிறாள். சொன்னாள்தான். பொய் சொல்லவில்லை. யார் மேல் கோபப்படுவது?

ஒரு டின்னை எடுத்தேன். வாசலில் குந்தி ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஃபேக்டரியிலிருந்து வரவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, லயத்து நடுப்பாதையில் நடந்தேன். செய்த தப்புக்கு ஈடாக என் காலடியைக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேனா, பயத்தில் புத்தி மாறிவிட்டதா, தெரியவில்லை.

டீச்சர் பாத்தி ஓரம் இருந்தார். கண் சிவந்திருந்தது. அழுதாரா, அடுப்புச் சாம்பல் பட்டதா என்று கேட்கவில்லை.

"இந்தாங்க டீச்சர். எங்க வாசல் மண்ணு."

"எல்லாரும் பயப்படுறாங்கன்னு பெரிய வாத்தியார் சொன்னாரு. உங்களுக்குப் பயமில்லையாக்கா?"

"பயமாத்தான் இருக்கு."

அவர் டின்னை வாங்கினார். தாளைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிவிட்டார்.

"சப்புன்னு இருக்கு. மலை மண்ணு மாதிரி அவ்வளவு புளிக்கல" என்றார்.

எனக்குள் ஒன்று பளிச்சென்றது. டின்னைக்கூட வாங்காமல் திரும்பிக் கங்காணி வீட்டுக்கு ஓடினேன். வாசலில் கட்டிலில் காலை நீட்டி அவர் படுத்திருந்தார். சுற்றிலும் பாதி லயம் நின்றது.

"கங்காணி அண்ணே, ஒரு விசயம் கேக்குறேன். சூனியம் வைக்கிறவ அடுத்தவன் காலடி மண்ணத் தின்பாளா?"

"அதெப்படித் தின்பா? தின்னா அவ வயித்துக்குள்ளல்ல போயிரும்."

"இப்ப என் மண்ண எங்கண்ணு முன்னாடியே தின்னுட்டாங்க."

கங்காணி எழுந்து உட்கார்ந்தார். "எம் மண்ணத் தின்னட்டும், பாக்கலாம்" என்றார்.

சரசு போய் டீச்சரைக் கூட்டிவந்தாள். பூட்ஸோடு, கையில் கங்காணி பெயர் போட்ட டின்னோடு வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. அவர் கங்காணியைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் வாசலைப் பார்த்தார். அங்கேயே குந்திவிட்டார்.

கங்காணி வீட்டம்மா போடுகிற கோலம் எங்கள் தோட்டத்திலேயே பெரியது. நாங்கள் எல்லாம் வெள்ளி, செவ்வாயில் அரிசி மாவில் ஒரு நாலு புள்ளி வைப்போம். அந்த அம்மா விடிந்தால் வாசலையே அடைத்துப் போடுவார்.

டீச்சர் கோலத்தை விரலால் தொட்டார். "இது அரிசி மாவா, கல்லு மாவா?"

கங்காணி வீட்டம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லு மாவுதான். நாங்க சோத்துக்கு இல்லாம அரிசிய அரைச்சா போடுறோம்? ரிங்லெட்டு டவுன் கடையில வாங்குறது."

"எத்தன வருசமா போடுறீங்க?"

"வாக்கப்பட்டு வந்ததுல இருந்து. ஏன்?"

டீச்சர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை. டின்னிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார், எல்லார் கண்ணுக்கும் முன்னால் வாயில் போட்டார், கண்ணை மூடினார். கங்காணி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிக்குது" என்றார் டீச்சர். "இந்த மலையிலேயே இதான் நல்ல மண்ணு. கல்லு மாவுன்னா சுண்ணாம்புக் கல்லுதான். இந்தம்மா இத்தன வருசமா கோலம் போட்டே புளிப்ப எடுத்துட்டாங்க. அதான் நுரை. இத்தன நாளா மூட்டை மூட்டையா சுண்ணாம்புக்கு எங்க போறதுன்னு நினைச்சேன். கோலமாவு போதும்." அப்புறம் கங்காணியைப் பார்த்து, முதல் தடவையாகப் பார்த்து, "உங்க வாசல்ல வெள்ளரி போட்டா நல்லா வரும் தாத்தா" என்றார்.

கங்காணி தன் வாசலைப் பார்த்தார். "எம் மண்ணா?" என்றார். "எம் மண்ணுதான் நல்ல மண்ணா?" ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரசர் அந்தப் பாதத்திலிருந்து ஒரு மூங்கில் சிலாம்பைப் பிடுங்கினார். வீக்கம் வடிந்தது. சிலாம்பு எடுத்ததால் வடிந்தது என்று டிரசர் சொன்னார். டீச்சர் மண்ணைத் தின்று வினையைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டதால் வடிந்தது என்று கங்காணி சொன்னார். எங்கள் லயத்தில் பாதிப் பேர் டிரசர் பக்கம், பாதிப் பேர் கங்காணி பக்கம். நான் ரெண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்த வருசம் பிள்ளைகள் கோலமாவை வாளியில் கொண்டுபோய்ப் பாத்தியில் தூவினார்கள். கங்காணி வீட்டம்மாதான் தலைமை. பீன்ஸ் கொடி ஆள் உயரத்துக்கு ஏறியது. சரசு பாத்தியில் விளைந்த முள்ளங்கியை நான் பெரட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். அதைப் பற்றி ரொம்ப நேரம் சொல்ல முடியும். விட்டுவிடுகிறேன்.

ஏனென்றால் தாள் இருக்கிறதே. கங்காணி மறுநாளே கட்டையை ஊன்றிக்கொண்டு பெரிய வாத்தியாரிடம் போனார். "அந்தத் தாளத் திருப்பிக் குடுங்க" என்றார்.

"அது கீழ ஆபீசுக்குப் போயிருச்சு கங்காணி. வேணும்னா வேற தாளு எழுதிப் போடுங்க."

வேறு தாள் எழுதினோம். இந்தத் தடவை நான் சும்மா விடவில்லை. சரசுவைப் பெரட்டில் நிற்க வைத்து மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். டீச்சர் இங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் மூன்று தடவையும் இருந்தது. அதற்குப் பிறகுதான் விரலை மையில் வைத்தேன். மற்றவர்களும் வைத்தார்கள். அன்றைக்கு ராத்திரி படுக்கையில்தான் எனக்குத் தோன்றியது. முதல் தாளிலும் அதே பெருவிரல்கள்தான். ரெண்டாவது தாளிலும் அதே பெருவிரல்கள்தான். ஆபீசில் இருக்கிறவர்கள் எந்தப் பெருவிரலை நம்புவார்கள்?

வருசக் கடைசியில் டீச்சருக்கு மாற்றல் வந்துவிட்டது. டீச்சர்களுக்கு மாற்றல் சகஜம்தான் என்றார் பெரிய வாத்தியார். ரெண்டாவது தாள் போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா, முதல் தாளைத்தான் பிரித்துப் படித்தார்களா, ரெண்டையுமே படிக்காமல் மாற்றினார்களா, யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போகிற அன்று காலையில் பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியாரின் ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தார்.

"டீச்சர், அந்த மொதத் தாள்ல நானும் கை வச்சேன். நாலு பேரத் தள்ளிவிட்டு வைக்க வச்சதும் நான்தான். பைப்புத் தாளுன்னு நினைச்சேன். அதனாலதான் உங்கள அனுப்புறாங்களா? உண்மையச் சொல்லுங்க டீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவர் கண் வாசலுக்குப் போய்விட்டது. குந்தினார். நான் காலையில் கல்லு மாவில் போட்டிருந்த சின்னக் கோலத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"கோலத்தக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கக்கா" என்றார். எழுந்து போய்விட்டார்.

மன்னித்தேன் என்று சொன்னாரா? உன்னால்தான் என்று சொன்னாரா? நான் கேட்டதே காதில் விழவில்லையா? அவரைப் பற்றித் தெரிந்தவள் என்கிற முறையில் காதில் விழாமல்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சில நாள் வேறு மாதிரியும் நினைக்கிறேன்.

இப்போது பிரிஞ்சாங் டவுனில் சரசு வீட்டில் இருக்கிறேன். பின்னால் நாலு பாத்தி. ஒவ்வொரு தடவை விதை போடும் முன்பும் குந்தி உட்கார்ந்து ஒரு சிட்டிகை மண்ணை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். சரசு சிரிக்கிறாள். "என்னம்மா சொல்லுது மண்ணு?" என்கிறாள். எனக்குப் புளிப்பும் தெரிவதில்லை, இனிப்பும் தெரிவதில்லை. மண் மாதிரிதான் இருக்கிறது. துப்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, கொஞ்சம் கோலமாவைத் தூவிவிட்டு வருகிறேன்.